இரும்புப் பாலத்தின் நடுக்கண்

யூஜீனியாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் பிந்திப் போன நாட்களில் கடை முதலாளி ஜபார் நானாவிடம் அவள் அவிழ்த்துவிட்ட பொய்களைக் கேட்டு நாங்களே சிரித்திருக்கிறோம். ஆனால் போன நவம்பர் வெள்ளத்தில் தனக்கு நடந்ததை அவள் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பொலிஸில் சொன்னதைத்தான் பங்குச் சுவாமியிடம் சொன்னாள். சுவாமியிடம் சொன்னதைத்தான் என்னிடம் சொன்னாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. நானும் என் கையிலிருந்து ஒன்றும் போடாமல் அப்படியே தருகிறேன்.

முதலில் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சிலாபம் பக்கத்தில் அதை இரும்புப் பாலம் என்போம். சிங்கள ஆட்களுக்கு அது யகட பாலம. வெள்ளைக்காரன் கப்பலில் இரும்பு கொண்டுவந்து கட்டியது. அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கத் தோணிதான். தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள துண்டைக் கண் என்பார்கள். இது ஐந்து கண் பாலம். அகலம் காணாது, ஒரு வண்டி போனால் எதிர்வண்டிக்கு இடமில்லை. அதனால் அந்தக் காலத்தில் பாலத்தில் விளக்கோடு காவல்காரர் இருந்தார்கள். இந்தப் பக்கத்தால் எத்தனை பேர் வருகிறார்கள், பின்னால் இன்னும் யாராவது உண்டா என்று கேட்டு, விளக்கைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் மறித்து வைப்பார்கள். அப்போது தளம் முழுக்கப் பலகை. பிறகுதான் பலகையைக் கழற்றி இரும்புத் தகடு அடித்தார்கள். சண்டைக் காலத்தில் பாலத்தில் இராணுவச் சென்றி வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் கடக்க வேண்டும். சண்டை முடிந்த பிறகு பக்கத்திலேயே அகலமான கொங்கிறீட் பாலம் கட்டினார்கள். இரும்புப் பாலம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் மிஞ்சியது. கலியாணத் தம்பதிகள் படமெடுக்க வருவார்கள். ஊர்க் கலண்டர்களில் அந்தப் பாலம்தான் இருக்கும்.

அதற்கு ஒரு பழைய வெள்ளக் கதையும் உண்டு. நாங்கள் யாரும் பிறக்காத காலத்தில் ஒருமுறை ஆறு பெருகி இரு கரையும் மூழ்கியபோது, மேடு என்று மிஞ்சியது பாலம் மட்டும்தான். சனம் மூட்டை முடிச்சோடு அதன் மேல் ஏறி நின்றது. கரையில் மரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இரவு முழுக்கப் பாலத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தார்களாம். விடிந்தபோது பாலம் அசையாமல் நின்றது. தளத்துக்குத் தண்ணீர் ஏறிய அடையாளமே இல்லை. ஆனால் மேலே ஒரு ஆள்கூட இல்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இரும்புப் பாலத்தை ஒரு வெள்ளமும் அசைக்காது என்று பெருமை பேசுகிறவர்கள், கதையின் அந்தப் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

யூஜீனியாவுக்கும் அந்தக் கதை தெரியும். அவளுடைய வீடு ஆற்றுக்கு வடக்கே, கடற்கரையோரம். புருஷன் றொபி கடல் தொழில். மகள் ஷானிகா இரண்டாம் வகுப்பு. யூஜீனியா தெற்குக் கரையில், பட்டணத்தில், ஜபார் நானாவின் புடவைக் கடையில் வேலை செய்தாள்.

அன்று காலை மழை கனத்தபோதும் அவள் வேலைக்குப் போனாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு றோசமேரி அக்காவிடம் விட்டிருந்தாள். றொபி பட்டணத்துப் பக்கத்தில் களப்புக் காயல் ஓரமாக வள்ளத்தைக் கட்டப் போயிருந்தான். பத்து மணி போல அவன் அழைத்தான்.

"யூஜி, ஆறு ஏறுது. நான் போய் பிள்ளையைப் பார்க்கிறன். நீ கடையிலயே நில்லு."

"நானும் வாறனே."

"வேண்டாம். பிள்ளையை மேட்டில விட்டுட்டு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். நான் வருமட்டும் அசையாத."

இருவரும் கதைத்த கடைசிக் கதை அதுதான். அரை மணியில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது.

அவள் காத்திருந்தாள். மத்தியானம் கடந்தது. றொபி வரவில்லை. தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது. பின்னேரம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. இருவருமாகத் துணிக் கட்டுகளை மேல்தட்டுக்கு ஏற்றினார்கள். ஜபார் நானா கதவைப் பூட்டினார்.

"தங்கச்சி, எங்கட ஊட்டுக்கு வாங்க. பொஞ்சாதி ஷஸ்னாவும் புள்ளைகளும் இருக்காங்க. காலையில பார்ப்பம்."

"அவர் வந்து தேடுவார் நானா."

"இந்தத் தண்ணியில எங்க வாற? வந்தா எங்கட ஊடு அவருக்குத் தெரியும்தானே."

அவள் தலையை ஆட்டினாள். அவரோடு சந்தி வரை நடந்தாள். அங்கே அவர் இடப்பக்கம் திரும்ப, அவள் ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டாள். ஜபார் நானா பின்னால் நின்று கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அன்று அந்த வீட்டுக்குப் போயிருந்தால் என்ன என்று இன்றும் கேட்கிறாள். போயிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அது அவளுக்கும் தெரியும்.

கொங்கிறீட் பாலத்துக்குப் போகும் ரோட்டை ஆறு மூடியிருந்தது. மழைக்கோட்டோடு ஒரு பொலிஸ்காரர் குறுக்கே கயிறு கட்டி நின்றார்.

"நங்கி, யன்ன பே," என்று கையை விரித்தார். தங்கச்சி, போக முடியாது என்று அர்த்தம்.

பிள்ளை அக்கரையில் என்று அவள் சிங்களத்தில் கெஞ்சினாள். அவர் இரும்புப் பாலப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். மழை இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தால் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையால் போனாள். தண்ணீர் முழங்கால் வரை. சந்தையில் ஒரு நாய்கூட இல்லை. எல்லோரும் வெள்ளத்துக்கு ஒதுங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நேரம் ஆறு மணி இருக்கும். மங்கல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பாலத்தின் வாயில் சைக்கிள் மட்டும் போகும்படி ஒரு குறுக்குக் கம்பி உண்டு. எப்போதும் பூட்டியிருக்கும். அன்று அது திறந்து கிடந்தது.

ஆறு காட்டு மாடு போல இரைந்துகொண்டு போனது. வேரோடு பிடுங்கிய தென்னைகள், ஒரு கூரை, ஒரு செத்த எருமை. தலவிலக் கோயில் திருநாளில் வாங்கிய செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் பாலத்தில் கால் வைத்தாள்.

இரைச்சல் நின்றது.

குறையவில்லை. நின்றது. யாரோ கதவை இழுத்துச் சாத்தியது போல.

மழை பெய்வது தெரிந்தது. சத்தம் இல்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் காது அடைத்துவிட்டது என்று நினைத்தாள். நடந்தாள்.

முதல் கண் கடந்தது. இரண்டாவது கண்.

அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. தினமும் நடக்கிற பாலம். செருப்பு பட்டால் தகடு 'டங் டங்' என்று அடிக்கும். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை.

'கிறீச்... கிறீச்...'

குனிந்து பார்த்தாள்.

காலடியில் பலகை.

திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நின்றாள். பிள்ளை அக்கரையில். பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நடந்தாள்.

நடுக்கண் தொடங்குகிற இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மண்ணெண்ணெய் மணம் வந்தது. விளக்கைப் பிடித்தபடி ஒரு ஆள் நின்றான். காக்கிச் சட்டை. தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தான். முகத்தில் வெளிச்சம் விழவில்லை.

"ஒரு ஆள்தானா?"

சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஓம்."

"பின்னால ஆராவது வாறாங்களா?"

"இல்லை. நான் மட்டும்தான்."

அவன் விளக்கை உயர்த்தி அக்கரைப் பக்கம் காட்டினான்.

"ஒரு ஆள் வருது. வழி விடுங்க."

யாருக்குச் சொல்கிறான் என்று அவள் பார்த்தாள்.

நடுக்கண் முழுக்க ஆட்கள்.

இடப்பக்கக் கைப்பிடி ஓரமாக, ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக, கடலைப் பார்த்து நின்றார்கள். முதுகுதான் தெரிந்தது. சேலை உடுத்த பெண்கள். தலையில் மூட்டை. இடுப்பில் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒருவரும் இருமவில்லை. எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சேலைத் தலைப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய தண்ணீர் பலகையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"நடவுங்க," என்றான் விளக்குக்காரன். "இடையில நிக்கக் கூடாது."

அவள் வலப்பக்கக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நடந்தாள். அருள் நிறைந்த மரியாயே என்று தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை.

முதுகுகள்... முதுகுகள்...

போகப் போக உடுப்பு மாறியது. ஒருவன் ஜீன்ஸ் போட்டிருந்தான். ஒரு பெடியன் சிவப்புப் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டியிருந்தான். அதன் வார் முதுகில் குறுக்காகவும், பை விலாப் பக்கம் பிதுங்கியும் தெரிந்தது.

அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. பார்வையைக் காலடியில் பதித்துக்கொண்டாள்.

வரிசை முடிந்தது.

கடைசி ஆளைக் கடந்தாள்.

இரண்டு எட்டு வைத்திருப்பாள்...

"யூஜி..."

அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

கால் தறித்தது போல நின்றது. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது நினைவுக்கு வந்தது. இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் மனிதன்.

அவள் திரும்பவில்லை.

"யூஜி... வீட்ட போகாத. பிள்ளை கோயில்ல."

மூன்றாம் தரத்துக்குக் காத்து நின்றாள்.

அது வரவில்லை.

அவள் ஓடினாள்.

அக்கரை மண்ணில் கால் பட்டதும் இரைச்சல் திரும்ப வந்தது. மழை, ஆறு, காற்று எல்லாம் ஒரேயடியாகக் காதில் அறைந்தன. குப்புற விழுந்து எழும்பினாள். பாலத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தோனியார் கோயில் வலப்பக்க மேட்டில். வீடு இடப்பக்கம், பள்ளத்தில். அந்தக் குரல் கோயிலுக்குப் போகச் சொன்னதாலேயே அவள் வீட்டுக்குப் போனாள். றொபியின் குரலில் ஏதோ ஒன்று என்னை ஏமாற்றுகிறது, பிள்ளையிடம் போகவிடாமல் தடுக்கிறது... அப்படித்தான் நினைத்தாளாம்.

ஒழுங்கையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் இருந்தது. வீட்டுக் கதவு கழன்று போயிருந்தது. உள்ளே கதிரைகள் மிதந்தன. அலுமாரி குப்புறக் கிடந்தது. இன்னும் பள்ளத்தில் இருந்த றோசமேரி அக்காவின் வீட்டில் கூரை மட்டும்தான் தெரிந்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதில் இல்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது, தண்ணித் தாங்கி வைத்திருந்த கொங்கிறீட் மேடையில் ஏறினாள். பிள்ளை செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த இரவு முழுக்க அங்கே இருந்தாள். நடுவில் இரண்டு தரம் குதித்துவிடலாம் என்று எழும்பினாளாம். றொபிக்கு யார் சொல்வது என்ற நினைப்பில் திரும்பவும் குந்தினாளாம்.

விடிந்த பிறகு வள்ளம் வந்தது. கோயில் வேலை பார்க்கும் வின்சன்ட் அண்ணன் தடி ஊன்றி வந்தார். அவளைக் கண்டதும் அவருடைய வாய் திறந்தபடி நின்றது.

"நீ எப்பிடி இஞ்ச?"

"பிள்ளை..." என்றாள்.

"பிள்ளை கோயில்ல. றோசமேரியோட. ஒரு குறையுமில்லை."

அவள் அழவில்லை. பாலத்தில் கேட்ட குரலும் இதைத்தான் சொன்னது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அவர் எங்க?"

வின்சன்ட் அண்ணன் தடியைத் தண்ணீரில் குத்தினார். வள்ளம் கோயில் பக்கம் நகர்ந்தது.

"நேற்று மத்தியானம் றொபிதான் பிள்ளையைத் தோளில தூக்கிக்கொண்டு வந்து கோயில்ல விட்டான். உன்னைக் கூட்டி வாறன் எண்டு திரும்பிப் போனான். புதுப் பாலம் மூடியாச்சு. இரும்புப் பாலத்தாலதான் போனான்."

"நானும் அதாலதான் வந்தன்."

"எப்ப?"

"ஆறு மணிக்கு."

அவர் தடியை நிறுத்தினார்.

"அப்பிடிச் சொல்லாத பிள்ளை. அந்தப் பாலம் மூண்டு மணிக்கே போயிட்டுது."

கோயில் மேட்டிலிருந்து அவளே பார்த்தாள். இந்தப் பக்கம் இரண்டு கண். அந்தப் பக்கம் இரண்டு கண். நடுவில் ஒன்றுமில்லை. சாம்பல் நிற வானம் தெரிந்தது. கீழே ஆறு ஓடியது.

மூன்று மணிக்கு விழுந்ததை மேட்டில் நின்ற எல்லோரும் கண்டிருந்தார்கள். பட்டணத்துக்குப் போக அவசரப்பட்ட சில பேர் அந்த நேரம் அதன் மேல் இருந்தார்கள். ஒரு சத்தம்தான். நடுக்கண் அப்படியே இறங்கிப் போனது. றோசமேரி அக்கா ஷானிகாவின் கண்ணைப் பொத்தினாளாம்.

இரும்புப் பாலத்தால் வந்தேன் என்று யூஜீனியா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. யாரோ வள்ளத்தில் ஏற்றியிருப்பார்கள், அதிர்ச்சியில் மறந்துவிட்டாள் என்றார்கள். கயிறு கட்டி நின்ற பொலிஸ்காரரைப் பிறகு தேடிக் கண்டாள். அவருக்கு அவளை நினைவிருந்தது. "இரும்புப் பாலம் விழுந்துவிட்டது, அங்கேயும் போகாதே என்றுதானே நங்கி சொன்னேன்," என்றார். அவள் சந்தை ஒழுங்கைக்குள் போனதைக் கண்டவரும் அவர்தான். அந்த ஒழுங்கைக்குப் பாலத்தைத் தவிர வேறு முடிவில்லை. அன்று எந்த வள்ளமும் அந்த நீரோட்டத்துக்குள் இறங்கவில்லை.

றொபியின் உடல் கிடைக்கவில்லை. முகத்துவாரத்திலும் தேடினார்கள், வடக்கே உடப்பு வரை கரையோரமாகப் போய்த் தேடினார்கள். பாலத்தோடு போன ஒருவருமே கரை ஒதுங்கவில்லை.

ஊர் நம்பாவிட்டாலும், காணாமல் போனவர்களின் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக அவளைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவள் உடப்பிலிருந்து இரஞ்சிதம். வாசலில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"என்ட மகன் மதுரன். டியூசனுக்குப் போன பெடியன். நீங்க கண்டீங்களாம் எண்டு கதை..."

"முகம் பார்க்கேல்ல அம்மா. முதுகுதான்."

"பை கொண்டு போனான்."

யூஜீனியா சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள். "சிவப்புப் பை. முன்பக்கம் மாட்டியிருந்தது."

"புத்தகம் நனையாம இருக்க அப்பிடித்தான் போடுவான்," என்றாள் இரஞ்சிதம். "குளிருது எண்டு ஏதும் சொன்னானா?"

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல."

"உங்கட ஆள் கதைச்சாராம்."

"ஓம். நான்தான் திரும்பேல்ல."

இரஞ்சிதம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யூஜீனியாவுக்கு அன்றும் அழுகை வரவில்லை.

தினமும் பின்னேரம் அவள் பாலத்தின் வடக்கு முனைக்குப் போய் நிற்கத் தொடங்கினாள். மூன்றாம் தரம் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். ஆறு இரைந்தது. தூரத்தில் புதுப் பாலத்தில் லொறிகள் போயின. வேறு எதுவும் கேட்கவில்லை. இருட்டியதும் றோசமேரி அக்கா வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஷானிகா அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டது. அம்மாவிடமும் அதிகம் பேசுவதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு, விழுந்த நடுக்கண்ணைப் பார்க்கச் சுழியோடிகளைக் கூட்டி வந்தார்கள். அதில் ஒருவர் ஜோர்ஜ், உச்சமுனைக்காரர். இருபது வருடம் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கிய மனிதர். கலங்கல் தண்ணீரில் முதலில் அவரைத்தான் இறக்கினார்கள். அவர் மேலே வந்து, உடல்கள் கீழே இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு வள்ளத்தில் படுத்துக்கொண்டார். மற்றவர்கள்தான் இறங்கி எடுத்தார்கள். றொபியைக் கழுத்தில் கிடந்த தலவிலப் பதக்கத்தை வைத்து அடையாளம் கண்டார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை ஜோர்ஜ் அவளுடைய வீட்டுக்கு வந்தார். அவள் கதிரை கொடுத்தாள். அவர் இருக்கவில்லை.

"தங்கச்சி, நீங்க பாலத்தில கண்டதைச் சொன்னீங்களாம். எனக்கும் ஒரு தரம் சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இறங்கின நாங்க ஒருத்தரும் இதை வெளியில சொல்லேல்ல," என்றார். "நடுக்கண் சரிஞ்சு விழாம, நட்டபடியே அடியில போய் இருக்குது. தண்ணியில ஒண்டும் தெரியாது. கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டுதான் போனன். கம்பியில ஒரு கை பட்டுது. விரல் மடிச்சுப் பிடிச்சிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கை. அதுக்கங்கால இன்னொண்டு. ஆரும் விழுந்து கிடக்கேல்ல தங்கச்சி. நிண்டாங்கள்."

ஜோர்ஜ் தன் வலக்கையை விரித்துப் பார்த்தார்.

"எல்லாரும் கடலைப் பார்த்துத்தான். கடைசியில நிண்டவர்ட கை மட்டும் கம்பியில இல்லை. முகத்தைத் தடவினன், கழுத்தில ஒரு பதக்கம் தட்டுப்பட்டுது. அவர் திரும்பி நிண்டார்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். வீட்டுப் பக்கம்."